எதிர்வீட்டு வெயில்

கட்டடங்களைப் படம் எடுத்துப் பிழைக்கிறவளுக்கு வெயில்தான் முதலாளி. சொன்ன நேரத்துக்கு வராது. வந்தால் சொல்லாமல் கிளம்பிவிடும். கோபித்துக்கொண்டு வேறு முதலாளியைத் தேடவும் வழியில்லை. ஆனாலும் நான் கோபித்துக்கொள்வேன். நடுத்தெருவில் நின்று வானத்தைத் திட்டுகிற ஒரே பெண்பிள்ளை நான்தான் என்று என் அக்கா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வாரம் அவள் சிரிக்கவில்லை.

அக்கா கட்டடங்களை வடிவமைக்கிறவள். யாருடைய கையெழுத்தும் குறுக்கே வராமல் அவள் தனியாக வரைந்த முதல் கட்டடம் நகராட்சி நூலகம். அதன் கிழக்குச் சுவரில்தான் அவள் உயிரையே வைத்திருந்தாள். தரையிலிருந்து கூரைவரை செங்கல். ஆனால் எல்லாக் கல்லும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் உள்ளது நாலு விரல், அதற்கடுத்தது உள்ளே பதுங்கியிருக்கும். சாய்ந்த வெயில் பட்டால் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு நீளத்துக்கு நிழல் போடும், சுவர் முழுக்க அலை ஓடும். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.

சுவர் எழும்ப எழும்ப, அதற்கு நேர் எதிரே ஒரு கண்ணாடிக் கோபுரமும் எழும்பியது. நூலகத்தைத் திறந்த நாளில், காலை வெயில் மொத்தத்தையும் கோபுரம் தன் முதுகில் வாங்கிக்கொண்டு, எங்கள் சுவருக்கு நிழலை மட்டும் அனுப்பியது. வெயில் இல்லாவிட்டால் அலை ஏது? அங்கங்கே துருத்திய கற்கள்தான் மிச்சம். மறுவாரமே ஊர் அதற்குப் பெயர் வைத்துவிட்டது: சிரங்குச் சுவர். பஸ் கண்டக்டர்கூட, "சிரங்குச் சுவர் எல்லாம் இறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார். அக்கா அந்த பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டாள். கோபுரத்துக்கு அவள் வைத்த பெயர் எமன்.

இப்போது நகராட்சியின் கட்டடக் குழு அந்தச் சுவரின்மேல் அலுமினிய ஷீட் அடித்து மூடிவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்திருந்தது. குழுத் தலைவரம்மா அக்காவுக்கு ஒரேயொரு சலுகை கொடுத்தார். "நீங்க சொன்ன மாதிரி அந்தச் சுவர் தெரியற ஒரு படம், ஒரே ஒரு படம் காட்டுங்க. பார்க்கலாம்." கூட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

படம் எடுப்பது யார் வேலை? என் வேலை. அந்த வாரம் முழுக்கப் பால்காரருக்கு முன்னால் எழுந்து போனேன். விடியலில் எடுத்தேன், சுவர் சாம்பல் பூசியது போல வந்தது. மேகம் போட்ட அன்று எடுத்தேன், போன மாதத்துச் சப்பாத்தி மாதிரி வந்தது. உச்சியில் சூரியன் கோபுரத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கும் என்று காத்திருந்தேன். எட்டிப் பார்த்தது, ஆனால் எங்கள் கூரையின் நீட்டமே குடை பிடித்து அதை மறித்துவிட்டது. மதியம் ஆனதும் மூட்டையைக் கட்டினேன். கிழக்குச் சுவருக்குக் காலை, மேற்குச் சுவருக்கு மாலை. எங்கள் தொழிலில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் விதி இது. சூரியன் எங்கே நிற்கும் என்று காட்டுகிற செயலி என் செல்போனில் இருக்கிறது. மதியத்துக்குப் பிறகு வெயில் இல்லை என்று அந்தச் சுவருக்கு நேரே கறுப்பாகக் கோடு போட்டுக் காட்டும். கோடு போட்ட பிறகு அங்கே என்ன வேலை?

வெள்ளிக்கிழமை மதியமும் அப்படித்தான் மூட்டை கட்டினேன். அக்காவிடம் போனில், "இன்னும் ஒண்ணும் சரியா வரலக்கா" என்றேன். அவள் "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆனால் நான் வீட்டுக்குப் போகவில்லை. சாப்பிட்டுவிட்டு அதே தெருவுக்குத் திரும்பி வந்தேன். ஏனென்றால் அன்று மாலை எனக்கு இன்னொரு வேலை இருந்தது. கோபுரத்துக்காரர்கள் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணாடிகளில் கீறல் விழாமல் இருக்க ஒட்டியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் தாளை அன்றுதான் உரிக்கிறார்கள். உரிக்க உரிக்கப் படம் எடுத்துத் தரவேண்டும். என் தொழிலில் யாரும் விடாத வாய்ப்பு. அக்காவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? எமனுக்கு நான் அலங்காரம் செய்யப் போகிறேன் என்றா?

நூலகத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன முற்றம். அங்கே ட்ரைபாடை விரித்து, கேமராவைக் கோபுரத்தின் பக்கம் திருப்பி வைத்தேன். மேற்கு வெயில் என் தலைக்கு மேலாக, நூலகத்துக் கூரையைத் தாண்டிப் போய்க் கோபுரத்தின் உச்சியில் அடித்தது. உயரத்தில், கயிற்றில் தொங்கும் இரும்புத் தொட்டிலில் மூன்று பேர் நின்று மேலிருந்து தாளை உரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒவ்வொரு கண்ணாடி விடுபடும்போதும் பளீரென்று ஒரு கூச்சம் கண்ணில் வந்து அறைந்தது. கூச்சம் எங்களுக்குப் பகை, படத்தைத் தின்றுவிடும். நான் லென்ஸுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்து, "சனியனே, கொஞ்சம் அடங்கு" என்று திட்டிக்கொண்டே எடுத்தேன்.

"யாருக்குப் போட்டோ எடுக்கற?"

குரலைக் கேட்டு நிமிர்ந்தேன். அக்கா, கேமராவுக்கு முன்னால், கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஷீட் அடிக்க அளவெடுக்க வருகிறார்கள் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைசியாக ஒருமுறை சுவரைப் பார்க்க வந்தவள் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"அக்கா... இது வேலைக்கா."

"எமனுக்கு வேலை செய்யற. என் சுவருக்கு முதுகைக் காட்டிட்டு, அவனுக்கு."

"காலைல பூரா உன் சுவரைத்தானே எடுத்தேன்? நான் என்ன பண்றது? சூரியனைப் புடிச்சுட்டு வந்து ஆணி அடிச்சு மாட்டவா?"

"வாயை மூடு. வர்றவன் போறவன்லாம் சிரங்குன்னு சொல்றான், அதைக்கூடத் தாங்கிட்டேன். நீ பண்ணினதைத்தான் தாங்க முடியல." அவள் உதடு துடித்தது. அக்கா அழுது நான் பார்த்ததில்லை. "உனக்கு எப்பவுமே எதிர்வீடுதான்டி ஒசத்தி. சின்னப் புள்ளைலயே அப்படித்தான். நம்ம வீட்டுல சுடச்சுட சோறு இருக்கும், நீ எதிர்வீட்டுல போயி தட்டை நீட்டிட்டு..."

நின்றுவிட்டாள். நடு வாக்கியத்தில், வாய் திறந்தபடி. பார்வை என் தோளுக்கு மேலாக எங்கேயோ போய்க் குத்தி நின்றது.

"அக்கா? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். நான் திரும்பினேன்.

சுவரின் உச்சியில், கூரைக்குக் கீழே, ஒரு கதவளவு வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது ஒன்று பொத்தென்று வந்து உட்கார்ந்தது. அந்த இடத்தில் மட்டும் கற்கள் எழுந்து நின்றன. ஒவ்வொரு கல்லுக்குக் கீழேயும் சாய்வாக ஒரு நிழல். நீளமும் குட்டையுமாக நிழல்கள் சேர்ந்து மூன்று துண்டு அலை.

எனக்கு முதலில் புரியவே இல்லை. சூரியன் மேற்கே இருக்கிறது. இது கிழக்குச் சுவர். செயலியில் கறுப்புக் கோடு. பிறகு மேலே தொட்டிலில் இருந்தவர்கள் இன்னொரு தாளை உரித்தார்கள், கோபுரத்தில் பளீர் என்றது, அதே நொடியில் சுவரில் நாலாவது கதவு திறந்தது. என்னை அறைந்த கூச்சம் அங்கேதான் போய் விழுந்துகொண்டிருந்தது! நூலகத்தைத் தாண்டிப் போன வெயிலைக் கோபுரம் வாங்கி, அப்படியே எங்கள் சுவரின்மேல் திருப்பி ஊற்றுகிறது. அதைத்தான் நான் இத்தனை நேரம் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சனியனே என்று திட்டியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பியிருந்தால்!

"எடுடீ!" என்று அக்கா கத்தினாள். "என்னத்தைப் பார்த்துட்டு நிக்கற, எடு!"

ட்ரைபாடை அப்படியே தூக்கித் திருப்பினேன். அதன் ஒரு கால் மடங்கியது. அக்கா மண்டியிட்டு அதைப் பிடித்துக்கொண்டாள். எடுத்தேன். நாலு துண்டு, ஐந்து துண்டு. போதாது, சுவர் முழுக்க வேண்டும். இன்னும் முக்கால்வாசிக் கண்ணாடி வெள்ளைத் தாளுக்குள் தூங்குகிறது. இன்னொரு பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், பகீரென்றது. சூரியன் தாழத் தாழ, எங்கள் நூலகத்தின் நிழலே கோபுரத்தின் மேல் ஏறும். ஏறினால் சுவரின் அடியிலிருந்து வெளிச்சம் கழன்றுபோகும். தாள் மேலிருந்து உரிந்து வருகிறது, இருட்டு கீழிருந்து ஏறப்போகிறது. நடுவில் கிடைப்பதுதான் எங்களுக்கு.

அந்த நேரம் பார்த்துத் தொட்டில் நின்றது. மூன்று பேரும் கையுறையைக் கழற்றினார்கள்.

கீழே மஞ்சள் தொப்பி போட்ட சூப்பர்வைசர் வாக்கி-டாக்கியுடன் உட்கார்ந்திருந்தார். ஓடினேன்.

"அண்ணா, ஏன் நிறுத்திட்டாங்க?"

"டீ டைம் மேடம்."

"அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இப்ப நிறுத்தாதீங்க. அரைமணி நேரம். உரிச்சு முடிச்சதும் டீ என்ன, பன்னும் சேர்த்து நானே வாங்கிட்டு வரேன்."

அவர் என்னைப் பார்த்தார், என் கேமராவைப் பார்த்தார். "எங்க பில்டிங்கைத்தானே எடுக்க வந்தீங்க? கேமரா அந்தப் பக்கம் பார்த்துட்டு இருக்கே?"

"உங்க பில்டிங் பண்ற காரியத்தைத்தான் எடுக்கறேன். திரும்பிப் பாருங்க."

திரும்பினார். தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "அட!" என்றார். அவ்வளவுதான். வாக்கி-டாக்கியை வாயில் வைத்து, "டேய், டீ அப்புறம். உரிங்கடா! வாழைப்பழம் உரிக்கிற மாதிரி சரசரன்னு உரிங்க!" என்று கத்தினார்.

பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. மேலே சர்ரென்று தாள் கிழியும், சுவரில் ஒரு வரிசை விழித்துக்கொள்ளும். சர்ர். இன்னொரு வரிசை. கண்ணாடிகள் அப்படியொன்றும் சமதளமாக இல்லை போலிருக்கிறது. வெளிச்சத்தின் ஓரங்கள் நெளிந்தன, அதனால் அலை உண்மையிலேயே அசைவது போல இருந்தது. அக்கா காகிதத்தில் வரைந்தது நின்ற அலை, இது ஓடியது. முதல் படத்தில் வெள்ளையாக இருந்த வெளிச்சம் கொஞ்ச நேரத்தில் உருக்கிய நெய்யின் நிறத்துக்கு வந்தது. நிழல்கள் பக்கவாட்டில் நீண்டன. ஒவ்வொரு முறை பொத்தானை அமுக்கும்போதும் அது வேறு சுவர். நான் கேமராவில் வெளிச்ச அளவை மாற்றி, அமுக்கி, மறுபடி மாற்றி, நடுவில் யாரையென்று தெரியாமல் திட்டி, சிரித்து... நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். சிரங்குச் சுவர் நிறுத்தத்தில் நின்ற பஸ் கிளம்பவே இல்லை. கண்டக்டர் படியில் நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தாளா என்று பார்த்தேன். பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

சுவர் முழுக்க நிறைந்தபோது எடுத்த படத்தை அங்கேயே செல்போனுக்கு மாற்றித் தலைவரம்மாவுக்கு அனுப்பினேன். கையோடு போன் வந்தது. கூட்டம் தொடங்கும் நேரம். அவர் பக்கத்துத் தெரு நகராட்சி அலுவலகத்தில் இருந்தார்.

"படம் அழகா இருக்கும்மா," என்றார். "காலைல எடுத்ததுன்னு சொல்லியிருந்தாலும் நம்ப மாட்டேன், கோபுரம் மறைக்குதுன்னு உங்க அக்காதானே சொன்னாங்க. ஆனா படத்துல இருக்கற நூலக வாசல் கடிகாரத்துல சாயங்கால நேரம் தெரியுது. சாயங்காலத்துல கிழக்குச் சுவர்ல வெயில்! நான் ஆயுசு பூரா பூகோளப் பாடம் நடத்தினவ. என்கிட்டயேவா கம்ப்யூட்டர் வித்தை?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "வித்தையா? நானா? அம்மா, நீங்க..." அதற்குள் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். குழுவின் முன்னால் இத்தனை மாதமும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் தலையாட்டிக்கொண்டிருந்தவள் அவள். இப்போது சொன்னாள்: "பேசிட்டு இருந்தா வெயில் போயிடும்மா. எழுந்து வாங்க. உடனே வாங்க."

வைத்துவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். "திட்டிட்டேனாடி?"

"இல்லக்கா. ஆனா நல்லா இருந்தது."

காத்திருந்தோம். இருட்டு சுவரின் அடியில் தலைகாட்டியது. முதலில் கடைசி வரிசைக் கற்களை நக்கியது. பிறகு ஆள் உயரம். பிறகு சன்னல் உயரம். நான் தெருமுனையைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தேன். மூன்றாவது மாடி. "சீக்கிரம் வாங்களேன், தாயே" என்று தெருவைத் திட்டினேன், வானத்தைத் திட்டினேன். தெருமுனையில் தலைவரம்மாவின் குடை தெரிந்தபோது கூரைக்கடியில் ஒரு சாண் வெளிச்சம் மிச்சம் இருந்தது. அவர், பின்னால் குழுவினர் நாலைந்து பேர் என்று முற்றத்துக்குள் வந்து நிமிர்ந்தபோது அதுவும் இல்லை.

சுவர் மறுபடியும் சிரங்காக நின்றது.

"எங்க வெயில்?" என்றார் தலைவரம்மா. எனக்கு அழுகை முட்டியது. மஞ்சள் தொப்பிக்காரர், "நாங்க எல்லாரும் பார்த்தோம்மா" என்றார். கண்டக்டர்கூட ஏதோ சொன்னார். தலைவரம்மா குடையை மடக்கி, யாரையும் நம்பாத முகத்துடன் நின்றார். நான் செயலியைத் திறந்தேன். கறுப்புக் கோடு. அதையா காட்டுவது?

அக்கா அவரிடம் போனாள். "அம்மா, கையைக் குடுங்க" என்றாள். கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை, அவர் கையைப் பிடித்து நூலகத்தின் வடக்குப் பக்கச் சுவருக்குக் கூட்டிப்போய்க் கல்லின்மேல் வைத்தாள். "எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு. சில்லுன்னு."

அங்கிருந்து மூலை திரும்பி, சிரங்குச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லில் அதே கையை வைத்தாள்.

தலைவரம்மா கையை எடுத்தார். பக்கத்துக் கல்லில் வைத்தார். அப்புறம் குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துச் சுவரில் வைத்துக்கொண்டார். மெல்லத் திரும்பிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். உதடு முணுமுணுத்தது. ஒரு விரலால் மேற்கிலிருந்து கோபுரத்துக்கும், கோபுரத்திலிருந்து சுவருக்கும் காற்றில் கோடு போட்டார்.

"சுடுது," என்றார். குரல் பூகோள டீச்சர் குரலாகவே இல்லை. "சாயங்காலத்துல, கிழக்குச் சுவர் சுடுது."

குழுவினர் ஆளுக்கொரு கல்லைத் தொட்டார்கள். அவர்களில் ஒருவர் கன்னத்தையே வைத்துப் பார்த்தார்.

"ஷீட் வேணாம்," என்றார் தலைவரம்மா, கூட்டம் கூட்டாமலே. பிறகு அக்காவைப் பார்த்து, சின்னப் பெண் மாதிரி கேட்டார்: "நாளைக்கும் வருமா?"

அக்கா கோபுரத்தைப் பார்த்தாள். தன் காலை வெயிலைத் திருடியவனை, ஊர் முழுக்கத் தன்னைப் பார்த்துச் சிரிக்கவைத்தவனை, இடிந்து விழவேண்டும் என்று தினம் ஒருமுறை தான் கனவு கண்டவனை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வரும்மா," என்றாள். "அவன் நிக்கிற வரைக்கும் வரும்."

மறுநாள் மாலை கோபுரத்தைப் படம் எடுக்க நான் திரும்பப் போனேன். முதல் நாள் எடுத்ததில் உருப்படியாக ஒன்றுமில்லை. அக்காவும் வந்தாள். என் பையைச் சுமந்துகொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. மஞ்சள் தொப்பிக்காரரைப் பார்த்ததும் முதல் வேலையாக, "இந்தக் கண்ணாடியை எத்தனை நாளைக்கு ஒருதரம் துடைப்பீங்க? தூசி படிய விடாதீங்க" என்று உத்தரவு போட்டாள். நானும் நின்று நிதானமாக எடுத்தேன். கீழ்த்தளத்துக் கண்ணாடியில் எங்கள் சுவர் முழுசாக, பொன்னாக, அலை அலையாகத் தெரிந்தது. கோபுரத்துக்காரர்களுக்கு அந்தப் படம்தான் பிடித்தது. தங்கள் விளம்பரத்தில் அதையே பெரிதாகப் போட்டுக்கொண்டார்கள்.

எங்கள் சுவரை மட்டும் எடுத்த படங்களில் நல்லதாக ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். மேஜைமேல் வைத்துவிட்டு, "இன்னொண்ணு வேணும்டி எனக்கு," என்றாள்.

"எது?"

"அவன் இருக்கறது."

இப்போது அவள் வீட்டு ஹாலில், வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருப்பது எமனின் படம்தான்.